திருக்கைக்கும் புறாவுக்கும் ஒரு நடுவர்

ஒற்றுப் பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, லாரியின் பின்பக்கம், எதுவானாலும் பேனாவை எடுத்துவிடுவேன். இந்த வியாதியால் நான் பட்ட அவமானங்களில் முதல் பரிசு பெறுவது, எண்பதுகளில் ஓசூரில் எங்கள் தொழிற்சாலையின் ஆயுத பூஜை மேடையில், மூன்று ஷிப்டும் குடும்பத்தோடு கூடியிருந்தபோது நடந்தது.

அறிவிப்புப் பலகையில் பட்டிமன்றத் தலைப்பை ஒட்டியிருந்தார்கள். 'அருகி வருவதில் முந்துவது திருக்கையா? புறாவா?' திருக்கை அணிக்கு என் பெயர். 'திருகை'க்கு நடுவில் எதற்கு ஒரு 'க்' என்று அங்கேயே அதை அடித்துத் திருத்திவிட்டு, ராகி அரைக்கும் கல்லைப் பற்றி ஒரு வாரம் குறிப்பெடுத்தேன். கிருஷ்ணகிரிப் பக்கம் களி தின்று வளர்ந்தவனுக்குத் திருகை என்றால் அது ஒன்றுதான். கடலில் திருக்கை என்று ஒரு மீன் இருப்பதும், அது குறைந்துகொண்டே வருவதும் என் வம்சத்தில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களுக்குத் தெரிந்த கடல்மீன் கருவாடு. சந்தையில் அதற்குப் பெரும்பாலும் தலை இருக்காது. ஆளை அடையாளம் தெரியாது.

மேடையில் முழங்கினேன். மாவு மில் வந்ததால் திருகை மூலையில் கிடக்கிறது என்றேன். மேல் கல் கணவன், சுற்றிக்கொண்டே இருப்பான்; கீழ் கல் மனைவி, அசையாமல் அத்தனையும் தாங்குவாள் என்றேன். பெண்கள் பக்கம் கை தட்டினார்கள். அந்தத் தைரியத்தில் நான் புறாவை இரண்டு இடி இடித்தபோது நடுவர் மணியை அடித்தார். திருக்கை ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி போடும் என்று ஒலிபெருக்கியில் கேட்டார். ஏதோ சிலேடையாகக் கேட்கிறார் என்று எண்ணி, மேல் கல் ஒன்று, கீழ் கல் ஒன்று, ஆக இரண்டு என்றேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் பூசணிக்காய் உடைக்கும் நேரமே நெருங்கிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நினைவில்லை. நடுவரின் முகம் மட்டும்தான் நினைவிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை.

அந்த நடுவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மறுவருஷ மழைக்காலத்தில், ஸ்டோர்ஸ் தரையில் ரத்தத்தோடு கிடந்த என்னையும் இன்னொருவரையும் மாறி மாறிப் பார்த்து, இருவரில் யாரைப் பிழைக்க வைப்பது என்று தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான். தீர்ப்பு எனக்குச் சாதகமாக இல்லை. அந்தத் திகைப்பு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலுதவி அறையின் நர்ஸ். ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு மீன்பிடி கிராமத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். கடிகாரத்தின் முகம் உள்மணிக்கட்டில் இருக்கும்படி கட்டியிருப்பார். நாடி பார்க்கும்போது கை திரும்ப வேண்டியதில்லை. அந்த அறையில் டிஞ்சர் வாசனையும், சுவரில் இரண்டு சாமி படமும் இருந்தன. மாசத்துக்கு ஒரு முறை படங்களை இடம் மாற்றி வைப்பார். அந்த மாசம் நன்றாக நடந்துகொண்ட சாமி ஜன்னல் பக்கம் வரும்.

எந்த ஒன்றையும் அவரால் தனியாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்தாக வேண்டும். வைத்துப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்வார். சொன்ன பிறகு தோற்ற பக்கத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார். பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கு விரல் நுனி நசுங்கி, கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "போன வாரம் ஒருத்தர் வந்தாரே, அவரு வெரலுக்குப் பக்கத்துல இதை வெச்சா இது வெரலு, அது வெறும் ஞாபகம்" என்று சொல்லிக்கொண்டே கட்டுப் போட்டார். வந்தவருக்கு ஆறுதலாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் கத்துவதை நிறுத்திவிட்டார்.

கேட்டுக்கு எதிரில் இரண்டு டீக்கடைகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாசம் போல இரண்டிலும் அரை அரை கிளாஸ் குடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு ஒரு நாள் இடது பக்கக் கடைக்காரரிடமே போய், அண்ணே, உங்க டீ தோத்துருச்சு என்று சொல்லிவிட்டு வலது பக்கம் போனார். சண்டையும் இல்லை, சலிப்பும் இல்லை. தேர்வு முடிவை அறிவிப்பதுபோல் அறிவித்தார். மனுஷர் கடையை மூடவில்லை. ஆனால் அன்றிலிருந்து பால் கூடுதலாக ஊற்றினார்.

ரெஸ்ட் சீட்டு கொடுக்கிற அதிகாரம் அவரிடம் இருந்தது. அதில் ஒரு சங்கடம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வயிற்று வலி என்று போனால் ஒருவருக்குத்தான் சீட்டு. இரண்டு பேருக்கும் நிஜமாகவே வலித்தாலும் சரி, ஒப்பிட்டு ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். தனியாகப் போனாலோ, இன்னொருவர் வரும்வரை பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். இதைப் புரிந்துகொண்ட எங்கள் ஆட்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ரெஸ்ட் வேண்டுமென்றால், தன்னைவிடத் திடமான ஒருவரைத் தோற்பதற்காகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவருக்கு டீ வாங்கித் தர வேண்டும்.

தோற்பதற்கு எங்கள் ஸ்டோர்ஸில் ஏற்ற ஆள் மாதையன். லோடுமேன். அஞ்செட்டி மலைக்காட்டு ஊர்க்காரர். பார்த்தால் வியாதிகளே வழிவிட்டு ஒதுங்கும்போல இருப்பார். நான் ஸ்டோர்ஸ் கிளார்க். ஒரு நாள் தலைவலி என்று அவரை அழைத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் எங்கள் இருவரின் நாடியையும் பிடித்தார், கண் ரப்பையை இழுத்துப் பார்த்தார், சீட்டை எழுதி மாதையன் கையில் கொடுத்தார். அவருக்கு நல்ல காய்ச்சல் இருந்திருக்கிறது. அவருக்கே தெரியவில்லை.

"நான் டீ குடிக்க வந்தேன் சிஸ்டர்" என்றார் மாதையன்.

"குடிச்சிட்டுப் போய்ப் படுங்க."

மாதையனிடம் நான் தோற்றது அதுதான் முதல் முறை.

என் கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் போட்டோவை எடுத்துக்கொண்டு போய் சிஸ்டரிடம் காட்டினேன். ஊரில் எல்லோரும் எது வாங்கினாலும் அவரிடம் காட்டுவது வழக்கமாகியிருந்தது. வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். என் கைகளைப் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்க?"

"ஒண்ணுதான் சிஸ்டர்."

"ஒண்ணை வெச்சு என்னத்தைச் சொல்ல?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு என் சட்டையில் தொங்கிய அடையாள அட்டையை இழுத்து, அதில் இருந்த என் படத்தைப் பெண்ணின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். "இதுக்கு அது தேவலை" என்று பெண்ணின் பக்கம் தலையாட்டிவிட்டு, ஊசி கொதிக்கும் பாத்திரத்தை இறக்கப் போய்விட்டார். என் மனைவிக்கு இன்றுவரை அவர் மேல் தனி மரியாதை.

இப்படிப்பட்டவரிடம் தமிழ் மன்றத்துக்காரர்கள் பட்டிமன்றத்தை ஒப்படைத்ததில் வியப்பில்லை. கணவனா மனைவியா, பணமா குணமா என்று வருஷா வருஷம் அரைத்த மாவையே அரைத்து அவர்களுக்கே அலுத்திருந்தது. தலைப்பு அவர் கொடுத்தது. ரெஸ்ட் சீட்டு கொடுக்கிறவரை மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் இல்லை. ஊரிலிருந்து அவர் அண்ணன் வரும்போதெல்லாம், வலையில் திருக்கை விழுவதே அபூர்வமாகிவிட்டது என்று புலம்புவாராம். இங்கே வந்தால், அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டில் பச்சைப்புறா போய்விட்டது என்று மாதையன் புலம்பல். இரண்டு புலம்பல்கள் கிடைத்தால் சிஸ்டர் சும்மா இருப்பாரா? பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்.

புறா அணிக்கு மாதையனே பேசினார். மேடை ஏறினால் நடுங்குவார் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்தவர் கீழே வைக்கவில்லை.

"அத்தி பழுத்துச்சுன்னா மரமே பறக்கும்ங்க. எலைன்னு நெனச்சிட்டு நாம கீழ நிப்போம். ஒரு கல்லு உட்டா பாதி மரம் எழும்பிப் போவும். மஞ்சக் காலு, பச்சை முதுகு. இப்ப கல்லு உட்டா எலைதான் உழுது."

அந்தப் புறாக்கள் எல்லாம் எங்கே போயின என்று சிஸ்டர் கேட்டார். மரத்தை வெட்டினாங்க, துப்பாக்கிக்காரங்க வந்தாங்க என்று ஆரம்பித்த மாதையன், கொஞ்சம் யோசித்து, நேர்மையாக, "நானும் நல்லாத் தின்னிருக்கேன்ங்க" என்றார். புறாவைப் பற்றிய அவர் அறிவில் பெரும்பகுதி குழம்பு வழியாக வந்தது. ஆனாலும் புறாவைத் தின்றவர் புறாவைப் பற்றிப் பேசினார். நான் மீனுக்குப் பதில் கல்லைப் பற்றிப் பேசினேன். இது இரண்டாவது தோல்வி.

தீர்ப்புக்கு சிஸ்டர் எழுந்தபோது, திருக்கையின் பக்கத்தைத் தானே பேச வேண்டியதாகிவிட்டது, என் தயவில். சிறுவயதில் கண்ட ஒன்றைச் சொன்னார். கரையில் இழுத்துப் போட்ட கொம்புத் திருக்கை ஒன்று, பாய் விரித்ததுபோல் கிடந்ததாம். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே குட்டி போட்டது. ஒரே குட்டி. இரண்டு செட்டையையும் உடம்போடு சுருட்டிக்கொண்டு, சுருட்டின பாய் மாதிரி வந்து விழுந்தது. அதை மடியில் அள்ளிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்கு ஓடிப்போய் விட்டேன் என்றார். சுருள் பிரிந்து செட்டை அடித்துப் போனது. பிழைத்ததா என்று தெரியாது. தாயை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத் தூக்க அன்றைக்கு அங்கே யாராலும் ஆகாது.

அடுத்து கணக்குக்கு வந்தார். புறா வருஷத்தில் எத்தனையோ தடவை கூடு கட்டும், தடவைக்கு இரண்டு முட்டை வைக்கும். திருக்கை வயிற்றில் மாசக்கணக்கில் சுமந்து ஒன்று போடும், பிறகு எப்போது போடுமோ. புறாவுக்கு எதிரி கண்ணுக்குத் தெரிகிறான். மரத்தை விட்டுவைத்தால், துப்பாக்கியைப் பிடுங்கினால் திரும்பி வரும். கடலடியில் போகிறது யாருக்குத் தெரியும்? செத்தாலும் மிதக்காது.

இதுவரைக்கும் கூட்டம் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆக, நமது பரிதாபத்துக்கு உரியது திருக்கைதான் என்று முடிப்பார் என எல்லோரும் கை தட்டத் தயாரானோம். அவர் சொன்னது வேறு.

"திருக்கை போயிரும். எங்க ஊரு மீனு, நான்தான் சொல்றேன். போறதைப் பிடிச்சுக்கிட்டு அழுதா இருக்கறதும் போயிரும். அதை விட்டுருங்க. புறாவைப் பாருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. அதை யாரும் சமாதானப்படுத்தவில்லை. தான் மடியில் அள்ளி விட்ட ஒன்றைத் தானே இப்படி முடித்துவிட முடியுமா என்று அவர் துடைக்கிற கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அவமானம்கூட அந்த நேரத்தில் மறந்துவிட்டது. மறந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். மறுநாளே தொழிற்சாலை முழுக்க நான் 'திருக்கை சார்' ஆகிவிட்டேன். மாதையன் 'புறா'.

மறுவருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை. வார்ப்படங்கள் அடுக்கிய இரும்பு ரேக் ஒன்றின் கால் மடங்கியது. என்ன சத்தம் என்று நிமிர்ந்தேன். அடுத்துத் தெரிந்தது, கூரைத் தகடும் அதில் ஒரு ஓட்டையும். பக்கத்தில் மாதையன் கத்திக்கொண்டிருந்தார். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் மாறி மாறிக் கத்தினார். அவர் தொடையிலிருந்து ரத்தம் என் சட்டைக்கு ஊர்ந்து வந்தது. நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்று வாயிடம் சொன்னேன், அது கேட்கவில்லை. காதிலிருந்து ஏதோ வெதுவெதுப்பாகக் கழுத்துக்கு இறங்கியது. எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது, இமையைக்கூட அசைக்க முடியவில்லை.

சிஸ்டர் வந்தார். ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தார். முதலில் மாதையன் தொடையை ஒரு துணியால் இறுக்கிக் கட்டினார். பிறகு என்னிடம் வந்து மண்டியிட்டு, கழுத்தில் விரல் வைத்து, கண்ணில் டார்ச் அடித்தார். ஒரு கண், இன்னொரு கண். உள்மணிக்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாதையனைப் பார்த்தார். மறுபடி என்னை. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. டீக்கடைகளை அப்படித்தான் பார்ப்பார்.

கம்பெனியில் வேன் ஒன்றுதான். கேன்டீனுக்குக் காய்கறி ஏற்றுவதும் அதுதான், அடிபட்டவரைப் பெங்களூருக்குக் கொண்டுபோவதும் அதுதான். அதைப் பின்பக்கமாக ஸ்டோர்ஸ் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாரைத் தூக்குவது என்று ஆட்கள் கேட்டார்கள்.

"புறாவைத் தூக்குங்க" என்றார் சிஸ்டர்.

தூக்கியவர்களுக்கு அது ஒரு பட்டப் பெயர். எனக்கு அது தீர்ப்பின் இரண்டாம் பாதி. முதல் பாதியை நான் மேடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதை விட்டுருங்க.

அந்த நிலையில் மனிதனுக்குக் கடவுள், தாய், மனைவி என்றெல்லாம் நினைவு வரும் என்று படித்திருக்கிறேன். எனக்கு வந்தது, மாதையனிடம் மறுபடியும் தோற்றுவிட்டோம் என்பதுதான். வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. நான் இருக்கிறேன், இங்கே இருக்கிறேன், என் கண்ணுக்குள் பாருங்கள் என்று உள்ளே அலறினேன். வேனின் கதவை அடிக்கிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிப் போகிற சத்தம், கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் கலக்கிற வரைக்கும், கேட்டது.

சிஸ்டர் ஒரு வெள்ளைத் துணி கொண்டுவரச் சொன்னார். கழுத்து வரைக்கும்தான் போர்த்தினார். அந்த ஒரு சாண் நாகரிகத்துக்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பிறகு குனிந்து, என் காதோரம், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. அவரு பொழைச்சிருவாரு."

ஒரு மனிதனுக்கு இதைவிட மரியாதையாக யாரும் விடைகொடுத்திருக்க மாட்டார்கள். இதைவிடப் பயங்கரமாகவும்.

நான் பிழைத்தது என் சாமர்த்தியத்தால் அல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து பேக்கிங் பலகை கொண்டுவரும் பாய் ஒருவர் லாரியோடு உள்ளே வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "உசுரு இருக்கா?" என்று கேட்டார். இருக்கு, ஆனா, என்று யாரோ இழுத்தார்கள். "இருந்தாத் தூக்குங்கப்பா, ஆனா ஆவன்னா அப்புறம் படிக்கலாம்" என்று பலகை மேல் தார்ப்பாயை விரித்தார். தடுக்க நேரமில்லாமல் சிஸ்டரும் என் தலையைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டார். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் என்ன லோடு என்று கன்னடத்தில் கேட்டார்கள். ஆளு என்றார் பாய். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கம்பத்தை உயர்த்தினார்கள்.

வழியெல்லாம் என் கழுத்தில் அவர் விரல் இருந்தது. ஒரு தடவைகூட அதை எடுக்கவில்லை. விட்டுவிட்ட ஒன்றின் மேல் எதற்கு இத்தனை நேரம் கை என்று எனக்குப் புரியவில்லை. நடுவழியில் நினைவும் போய்விட்டது.

மாதையன் பிழைத்தார். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. வேன் இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் அவர் ரத்தம் போயே செத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக என் மனைவி சொன்னாள். அதாவது சிஸ்டரின் கணக்கு சரி. என்னை அனுப்பியிருந்தால் அவர் போயிருப்பார். ஆகவே எனக்குக் கோபப்படக்கூட உரிமை இல்லை. இதுவும் ஒரு சங்கடம்தான். கைவிடப்பட்டதற்கு நியாயமான காரணம் இருந்தால், அந்த வருத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பேச்சு வந்த பிறகு சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்தவுடன் பக்கத்துக் கட்டில்காரரின் கட்டையும் என் கட்டையும் பார்த்து, இது தேவலை என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார். உட்கார்ந்தார். கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு என்னை விட்டுட்டீங்களா, சிஸ்டர்?"

அவர் மழுப்பியிருக்கலாம். மழுப்ப வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். அடிபட்டவனிடம் ஊரே பொய் சொல்கிறது, அவர் ஒரு பொய் சொன்னால் என்ன?

"ஆமா" என்றார். "போயிருவீங்கன்னு பார்த்தேன். தப்பாப் போச்சு."

நாசூக்கும் இல்லை, மன்னிப்பும் இல்லை. எனக்கு விலா எலும்புகள் உடைந்திருந்தன. சிரித்தால் வலிக்கும், அழுதால் இன்னும் வலிக்கும். எதைச் செய்தேன் என்று ஞாபகமில்லை. தப்பாகப் போனதில் அவருக்கு மகிழ்ச்சியா என்று கேட்டேன். இத்தனை வருஷமாக இரண்டைப் பார்த்தால் எது நிற்கும், எது போகும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்றும், இனி அந்தக் கண்ணை எப்படி நம்புவது என்றும் மெதுவாகச் சொன்னார். அவர் மகிழ்ச்சியாகத் தெரியவில்லை. பயந்துபோனவராகத் தெரிந்தார்.

போகும்போது கதவருகில் நின்று திரும்பினார். என்னை வெகுநேரம் பார்த்தார். பழக்கதோஷத்தில் பார்வை என் பக்கத்தில் எதையோ தேடி நகர்ந்தது. கட்டில்காரரை அதற்குள் எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள், அங்கே ஒன்றும் இல்லை. பார்வை திரும்பி வந்தது. அப்படி என்னை மட்டும் அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு பார்க்கவில்லை.

இந்தக் கதையை நான் எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பேன்! மரணத்தின் வாசலில் புறாவிடம் தோற்ற திருக்கை என்று ஆரம்பிப்பேன். இரண்டில் ஒன்றைக் கைவிட்டால்தான் ஒன்றைக் காப்பாற்ற முடியும் என்கிற கொடுமையான உண்மை, காட்டுக்கும் கடலுக்கும் மட்டுமல்ல, மனிதனுக்கும் உண்டு என்று முடிப்பேன். சிலர் கண்ணைத் துடைப்பார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மாதையனைப் பார்த்தேன். ஸ்டோர்ஸ் வேலையை விட்டு, கிடைத்த பணத்தில் மாடு வாங்கிக்கொண்டு ஊரோடு இருந்தார். அஞ்செட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தார். அது வருவதற்குள் ஒரு மகாபாரதம் சொல்லலாம் என்பதால், அவருக்குத் தெரியாத பாதியை, அதாவது வேன் போன பிறகு தரையில் நடந்ததை, உருக்கமாகச் சொன்னேன். சிஸ்டர் காதில் சொன்னதைச் சொன்னேன். உங்களுக்காக என்னை விட்டார், அவர் செய்தது சரிதான், எனக்கு வருத்தமே இல்லை என்று மேடைக் குரலில் தழுதழுத்தேன்.

மாதையன் குட்டைக் காலைச் சிமெண்டு பெஞ்சில் நீட்டிக்கொண்டு, குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்.

"அதெல்லாஞ் செரிங்க சார். அந்த வேன்ல ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாமே. எம்பக்கத்துல ஸ்டெப்னி டயரு ஒண்ணுதானே பெங்களூரு வரைக்கும் காலை நீட்டிப் படுத்துட்டு வந்துச்சு."